பிரான்கோ பில்லி ஆண்டர்சன்: குடும்பம், எஸ்ஸனே, நைல்ஸ் – தகவல் திரட்டும் இழை

ரீல்பெட்டி எழுதியது:

மௌனப்பட கால கௌபாய் படங்கள் என்றால் நம் ஆட்கள் நேராக ஜான் ஃபோர்டுக்குப் போய்விடுகிறார்கள். அதற்குப் பத்து வருடம் முன்னாலேயே எழுதி, இயக்கி, நடித்து, எஸ்ஸனே என்ற படக் கம்பெனியில் பாதியைக் கையில் வைத்திருந்த ஒருவர் இருந்தார்: கில்பர்ட் எம். ஆண்டர்சன், திரையில் 'பிரான்கோ பில்லி'. தமிழில் இவரைப் பற்றி உருப்படியாக எதுவும் இல்லை. கட்டுரை எழுதும் முன் இங்கே எல்லாவற்றையும் சேர்த்துவிடலாம்.

முதலில் குடும்ப விவரம். இயற்பெயர் மேக்ஸ்வெல் ஹென்றி ஆரன்சன். பிறந்தது 1880 மார்ச் 21, ஆர்கன்சா மாநிலம் லிட்டில் ராக். அப்பா ஹென்றி, அம்மா எஸ்தர். இவர் ஆறாவது பிள்ளை. யூதக் குடும்பம். பெற்றோர் இருவரும் நியூயார்க்கில் பிறந்தவர்கள். அப்பா வழி தாத்தா பாட்டி பிரஷ்யாவிலிருந்தும், அம்மா வழியில் ரஷ்யப் பேரரசிலிருந்தும் வந்தவர்கள். சின்ன வயது பைன் பிளஃப் ஊரில். எட்டு வயதில் குடும்பம் மிசூரியின் செயின்ட் லூயிஸுக்குக் குடிபோனது. 18 வயதில் நியூயார்க் போய் வாட்வில் எனும் பல்சுவை மேடை, நாடகம், நடுவே புகைப்படக்காரர்களுக்கு மாடல், பத்திரிகை விற்பனை.

பழைய சில நூல்களில் பிறந்த வருடம் 1882 என்று இருக்கிறது. எதை எடுப்பது?

சென்சஸ்பித்தன் எழுதியது:

1880. பழைய நூல்களை ஒதுக்கி வையுங்கள். இந்தக் குழப்பம் எப்படி வந்தது என்றால், ஆர்கன்சாவில் மாநிலம் முழுக்கப் பிறப்புப் பதிவு தொடங்கியதே 1914-ல்தான். 1880-ல் பிறந்தவருக்குப் பிறப்புச் சான்றிதழ் என்ற காகிதமே கிடையாது. நடிகர்கள் வயதைக் குறைத்துச் சொன்னால் பத்திரிகைக்காரர் அப்படியே போட்டுவிடுவார். அதை அடுத்தவர் நகலெடுப்பார்.

இந்தக் குடும்பத்தைத் தேட விரும்புவோருக்கு வழி சொல்கிறேன்:

1880 சென்சஸ் ஜூன் 1 நிலவரப்படி எடுக்கப்பட்டது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு வயதைப் பன்னிரண்டில் இத்தனை என்று மாதக் கணக்கில் எழுதுவார்கள். மார்ச் 21-ல் பிறந்த பிள்ளைக்கு 2/12 வர வேண்டும். தேடும்போது அதைப் பாருங்கள். அந்தச் சென்சஸில் இன்னொரு வசதி, ஒவ்வொருவருக்கும் தந்தை பிறந்த இடம், தாய் பிறந்த இடம் என்று தனித்தனிக் கட்டம் உண்டு. பிரஷ்யா, ரஷ்யா சமாசாரமெல்லாம் பெற்றோருடைய வரியில் அந்தக் கட்டங்களில்தான் வரும்.

பெயரை ஆரன்சன், ஆரோன்சன், ஏரன்சன் என்று எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஒலியை வைத்துப் பெயர்களைத் தொகுக்கும் சவுண்டெக்ஸ் குறியீட்டில் இவை எல்லாம் ஒன்றே: ஏ-652. ஆனால் ஆண்டர்சன் ஏ-536. இரண்டையும் தனித்தனியாகத் தேடாவிட்டால் பாதி வாழ்க்கை கைக்கு வராது. 1880-க்கான சவுண்டெக்ஸ் அட்டவணையில் பத்து வயதோ அதற்குக் கீழோ பிள்ளை உள்ள வீடுகள் மட்டுமே இருக்கும். கைக்குழந்தை இருந்ததால் இந்த வீடு அதில் அடங்கும்.

1890 சென்சஸைத் தேடி நேரத்தைத் தொலைக்காதீர்கள். 1921 ஜனவரியில் வாஷிங்டன் வணிகத்துறைக் கட்டடத் தீயில் பெரும்பகுதி நாசமாகிவிட்டது. குடும்பம் செயின்ட் லூயிஸ் போனது 1888 வாக்கில். ஆக, குடிபெயர்ந்த காலம் சரியாக அந்த ஓட்டையில் விழுகிறது. அந்த இடைவெளியை அடைக்க கோல்ட் நிறுவனம் ஆண்டுதோறும் போட்ட செயின்ட் லூயிஸ் விலாசப் புத்தகங்கள்தான் வழி. குடும்பத் தலைவர் பெயர், தொழில், தெரு, கதவு எண் வரும். மனைவி மக்கள் பெயர் பெரும்பாலும் வராது. 1900 சென்சஸில் பிறந்த மாதமும் வருடமும் சேர்ந்தே இருக்கும். வருடத்தைச் சரிபார்க்க அதுவே நல்லது, ஏனென்றால் அப்போது இவர் நட்சத்திரம் இல்லை. வயதைக் குறைத்துச் சொல்லக் காரணமும் இல்லை.

கோடைத்தென்றல் எழுதியது:

'தி கிரேட் டிரெயின் ராபரி' முடிவில் கேமராவைப் பார்த்துச் சுடும் மீசைக்காரர் இவர்தானே? யூடியூப் சிறுபடம் எல்லாவற்றிலும் அந்த முகத்துக்குக் கீழே இவர் பெயரைத்தான் போட்டிருக்கிறார்கள்.

நைட்ரேட் எழுதியது:

இல்லை. சுடுபவர் ஜஸ்டஸ் டி. பார்ன்ஸ். எல்லோரும் விழும் குழி இது.

1903-ல் எட்வின் எஸ். போர்ட்டர் எடிசன் கம்பெனிக்காக எடுத்த படம். 740 அடி, 14 ஷாட். ஆண்டர்சனைப் பார்க்க வேண்டுமானால் பயணிகளை ரயிலைவிட்டு இறக்கி வரிசையில் நிறுத்தும் ஷாட்டுக்குப் போங்கள். கைகளைத் தூக்கியபடி நிற்கும் கூட்டத்திலிருந்து ஒருவர் பிய்த்துக்கொண்டு கேமராவை நோக்கி ஓடி வருவார். முதுகில் குண்டு பாயும். கைகளை விரித்து முன்னால் வந்து விழுவார். அவர்தான். அதன் பிறகு கொள்ளையர்கள் பைகளைச் சுருட்டிக்கொண்டு போய் வெகுநேரம் வரை பிணமாகக் கிடப்பார். நடன அரங்கில் காலடியில் சுடச் சுடக் குதிக்கும் நகரத்து ஆளும் இவர்தான்.

குதிரைக் கதையும் இந்தப் படத்தோடு ஒட்டியது. சவாரி தெரியும் என்று சொல்லி வேலை வாங்கினார், ஏறியதும் கீழே விழுந்தார் என்பார்கள். கதை மிகைப்பட்டிருக்கலாம். ஆனால் பைன் பிளஃப், செயின்ட் லூயிஸ், நியூயார்க் என்று வளர்ந்தவருக்கு மேய்ச்சல் நிலம் பழக்கமில்லை என்பது மட்டும் நிச்சயம். பின்னாளில் கற்றுக்கொண்டார், வேகமாக ஓட்ட வேண்டிய இடங்களில் பழகிய ஆட்களை வைத்துக்கொண்டார்.

இங்கே கவனிக்க வேண்டியது வேறு. அந்தப் படம் திரையிட்டபோது கூட்டம் எழுந்து கத்தியதைப் பார்த்து, இனி இதுதான் தொழில் என்று முடிவு கட்டினார். வைட்டாகிராஃப் கம்பெனியில் இயக்கினார், பிறகு சிகாகோ போய் செலிக் கம்பெனியில் படம் எடுத்தார். செலிக்கிடம் பங்கு கேட்டார், கிடைக்கவில்லை. அதன் பிறகுதான் ஜார்ஜ் கே. ஸ்பூர்.

ரீல்பெட்டி எழுதியது:

1907-ல் எஸ்ஸனே. ஸ்பூரின் முதலெழுத்து எஸ்ஸும் ஆண்டர்சனின் முதலெழுத்து ஏயும் சேர்ந்த பெயர். தொடக்கத்தில் பீர்லெஸ் என்று வைத்து, அதே வருடம் ஆகஸ்டில் மாற்றிக்கொண்டார்கள். ஸ்பூர் ஏற்கெனவே படம் வாடகைக்கு விடுபவர், புரொஜெக்டர் வணிகமும் உண்டு. அதாவது விற்கத் தெரிந்தவர் ஒருவர், எடுக்கத் தெரிந்தவர் ஒருவர். முதல் படம் ரோலர் ஸ்கேட்டை மாட்டிக்கொண்டு தெருவில் போவோர் வருவோர் மீதெல்லாம் மோதும் பென் டர்பின் நகைச்சுவை. செலவு சில நூறு டாலர், வரவு பல ஆயிரம். 1908-ல் சிகாகோ ஆர்கைல் தெருவில் ஸ்டுடியோ.

இந்த இரட்டை அமைப்பில்தான் பின்னாளைய சண்டைக்கும் விதை இருக்கிறது என்பது என் எண்ணம். ஒருவர் சிகாகோவில் கணக்குப் புத்தகத்தோடு. இன்னொருவர் 2,000 மைல் தள்ளி மலையடிவாரத்தில்.

மலைப்பாதை எழுதியது:

ஆண்டர்சன் படமெடுத்த கலிபோர்னியா ஊரான நைல்ஸின் கதையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

சிகாகோவில் குளிர்காலத்தில் வெளிப்புறப் படப்பிடிப்பு நடக்காது. வெளிச்சமும் இல்லை, மலையும் இல்லை. ஆகவே ஆண்டர்சன் ஒரு சிறு குழுவோடு ரயிலில் கிளம்பினார். கொலராடோவில் கோல்டன், மாரிசன். பிறகு கலிபோர்னியாவில் லாஸ் காட்டோஸ், சான் ரஃபேல், சான் டியகோ பக்கம் லேக்சைட் என்று சுற்றி, 1912 ஏப்ரல் 1 அன்று நைல்ஸ் வந்து சேர்ந்தார். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரை. ஏன் அந்த ஊர்? ஒரே பள்ளத்தாக்கில் ஓடை, பாறை, வளைந்து போகும் மண்பாதை, ரயில்பாதை நான்கும் கிடைத்தன. துரத்தல் காட்சிக்கு வேறென்ன வேண்டும். வறண்ட கோடை, மாதக் கணக்கில் மழை இல்லை. ஊரிலேயே ரயில் நிலையம் இருந்ததால் நெகட்டிவைச் சிகாகோவுக்கு அனுப்புவதும் சுலபம். பிரிண்ட் போடுவது அங்கேதான்.

1913-ல் நிரந்தர ஸ்டுடியோ எழுந்தது. நடிகர்கள் குடியிருக்கச் சின்னச் சின்ன வீடுகளும் கட்டினார்கள். அவற்றில் சில இன்றும் நிற்கின்றன. 1916 பிப்ரவரியில் மூடும் வரை 350-க்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து போயின. வாரத்துக்கு ஒரு படம் என்று சொல்வது மேற்கத்திய (கௌபாய்) கதைகளுக்கு மட்டும் உள்ள கணக்கு; 'ஸ்னேக்வில்' நகைச்சுவைத் தொடர் தனி.

இந்த வேகம் எப்படிச் சாத்தியமானது என்றால், எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். அதே மதுக்கடை முகப்பு, அதே கோச்சு வண்டி, அதே பாறைத் திருப்பம். நடிகர் கூட்டமும் அதே: மார்கரீட் கிளேட்டன் கதாநாயகி, ஃப்ரெட் சர்ச், ட்ரூ போர்ட்மன், ஈவ்லின் செல்பி. ஒரு வாரம் ஷெரிஃப், மறு வாரம் திருடன். பில்லி கூட அப்படித்தான். ஒரு படத்தில் இறந்துபோவார், அடுத்ததில் பண்ணைக்காரராக வருவார். தொடர்ச்சி கிடையாது. குணம் மட்டும் ஒன்று: கெட்டவனாகத் தொடங்கி, ஒரு பெண்ணோ குழந்தையோ குறுக்கே வந்ததும் தன் தப்பிக்கும் வாய்ப்பைக் கைவிடுபவன். 1910-ல் வந்த 'பிரான்கோ பில்லீஸ் ரிடெம்ப்ஷன்' இதற்கு அச்சு. பில்லி படங்கள் மட்டும் சுமார் 150 தேறும்.

ஒரு ஷாட் போதும் நைல்ஸ் படம் என்று சொல்ல. வீட்டுக்குள் நடப்பதாகக் காட்சி. சுவர், மேசை, விளக்கு எல்லாம் இருக்கும். மேசைவிரிப்பின் ஓரத்தைப் பாருங்கள், படபடவென்று அடிக்கும். கூரையில்லாத மேடை, மேலே வெயிலைத் தணிக்கத் துணி மட்டும். பள்ளத்தாக்குக் காற்றுக்கு யாரும் கட் சொல்ல முடியாது.

நைட்ரேட் எழுதியது:

அருமை. வெளிச்சம் பற்றி ஒரு துணுக்கு. அன்றைய பிலிம் ஆர்த்தோகுரோமாடிக். நீலத்துக்கு அதிகமாகவும் சிவப்புக்கு அறவே இல்லாமலும் வேலை செய்யும். நீல வானம் வெள்ளைத் தாளாக வெளுத்துவிடும், சிவப்புக் கழுத்துக்குட்டை கறுப்பாக விழும். நீலக் கண் நடிகர்களுக்கு விழி வெளிறிப் பேய் மாதிரி ஆகிவிடும். நைல்ஸ் படங்களில் மேகமே இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். மேகம் இருந்திருக்கும், பிலிமுக்குத்தான் தெரியாது.

கேமராமேன்களில் ரோலி டோதெரோவை மறக்காதீர்கள். பந்து விளையாட வந்த பையன். ஆண்டர்சனுக்கு பேஸ்பால் பைத்தியம், கம்பெனி அணியே வைத்திருந்தார். அந்தப் பையன் கேமரா பிடிக்கக் கற்று, பிறகு சாப்ளினோடு முப்பது வருடத்துக்கு மேல் இருந்தான்.

கோடைத்தென்றல் எழுதியது:

என்னிடம் உள்ள ஒரு ரீல் பில்லி படத்தின் கோப்பில் ஆட்கள் எல்லாம் குடுகுடுவென்று ஓடுகிறார்கள். 11 நிமிடம்தான் வருகிறது. வெட்டப்பட்ட பிரதியா?

நைட்ரேட் எழுதியது:

வெட்டப்பட்டதாக இருக்க வேண்டியதில்லை. வேகத்தைப் பாருங்கள். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம். முழு ரீல் 1,000 அடி என்றால் 16,000 பிரேம். நொடிக்கு 16 பிரேம் ஓடினால் 16 நிமிடம் 40 நொடி. 18 என்றால் ஏறத்தாழ 14:50. பேசும்பட வேகமான 24-ல் ஓட்டினால் 11:07. உங்கள் கோப்பு கடைசி வகை. எடிட்டிங் மென்பொருளில் வேகத்தை 67% ஆக்கிப் பாருங்கள், நடை சரியாக வந்துவிடும். கைப்பிடியைச் சுற்றி எடுத்த படம், ஒரு சுற்றுக்கு 8 பிரேம், நொடிக்கு இரண்டு சுற்று. ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும் குறையும். குதிரைத் துரத்தலில் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி வேகம் காட்டுவதும் உண்டு. அதனால் ஒரே எண்ணை வைத்து முழு ரீலையும் சரிக்கட்ட முயலாதீர்கள். மனிதர் நடக்கும் காட்சியை அளவுகோலாக வையுங்கள்.

இழையில் பிலிம் சேகரிப்பவர்களும் இருப்பதால் அடையாளம் காணும் வழியையும் சொல்லிவிடுகிறேன்.

செட் சுவரைப் பாருங்கள். திருட்டுப் பிரதியைத் தடுக்கக் கம்பெனி முத்திரையைக் காட்சிக்குள்ளேயே ஆணியடித்து மாட்டுவார்கள். எஸ்ஸனேக்குச் செவ்விந்தியர் தலை. காட்டின் நடுவில் மரத்தில்கூட அது தொங்கும். ஆனால் 'பிரான்கோ' என்று தலைப்பு அட்டையில் கம்பெனி பெயராக வந்தால் அது இவர் படமே இல்லை. நியூயார்க் மோஷன் பிக்சர் கம்பெனி தயாரிப்பாளர் தாமஸ் இன்ஸின் படங்களை அந்தப் பெயரில் ஒரு முத்திரையாக வெளியிட்டது. ஏலத்தில் இந்தக் குழப்பத்தில் காசு விட்டவர்கள் உண்டு.

அடுத்து ஓரம். ஈஸ்ட்மன் 1916-லிருந்து பிலிம் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற ஆண்டுக் குறிகளைப் போடத் தொடங்கியது. 20 வருடத்துக்கு ஒருமுறை அதே குறி திரும்ப வரும். பில்லி தொடர் 1910 முதல் 1915 வரை. ஆகவே குறி இருந்தாலே அது பின்னால் போட்ட பிரதி. வெளிச்ச மேசையில் வைத்து லென்ஸால் பாருங்கள்: தெளிவான ஓரத்தில் கறுப்பாக இருந்தால் அந்தப் பிரதியின் சொந்தக் குறி, கறுத்த ஓரத்தில் வெள்ளையாக இருந்தால் நெகட்டிவிலிருந்து பதிந்து வந்தது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். எழுதும்போது எது எது என்று பிரித்து எழுதுங்கள்.

புளிப்பு வாசனை அடித்தால் அசிடேட் வகைப் பிலிம். மஞ்சளாகி, பிசுபிசுத்து, காரமான நெடி வந்தால் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் வகைப் பிலிம். அதைப் புரொஜெக்டரில் போடுவது பற்றி நினைக்கவே வேண்டாம். தீப்பற்றினால் தண்ணீர், மணல் எதற்கும் அடங்காது, தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனைத் தானே வைத்திருக்கும் பொருள் அது.

சென்சஸ்பித்தன் எழுதியது:

காகிதப் பிரதி பற்றியும் கேட்பார்கள். 1912 ஆகஸ்டுக்கு முன் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் சினிமா என்று தனி வகை கிடையாது. புகைப்படமாகப் பதிய வேண்டும் என்பதால் சில கம்பெனிகள் முழுப் படத்தையும் காகிதச் சுருளில் அச்சிட்டுக் காங்கிரஸ் நூலகத்தில் கொடுத்தன. ரயில் கொள்ளைப் படம் அப்படிப் பிழைத்தது. நைல்ஸ் கால பில்லி படங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஐரோப்பாவுக்குப் போன பிரதிகளை நம்பித்தான் இருக்கிறோம். அங்கிருந்து வருவதில் எழுத்து அட்டைகள் வேற்றுமொழியில் இருக்கும், கதாபாத்திரப் பெயர் மாறியிருக்கும். தலைப்பை வைத்துத் தேடாமல், அன்றைய வணிக இதழ்களில் வந்த கதைச்சுருக்கத்தோடு காட்சி காட்சியாக ஒப்பிடுங்கள்.

மலைப்பாதை எழுதியது:

சாப்ளின் விஷயத்துக்கு வருவோம். இதில்தான் எல்லாம் உடைந்தது.

கீஸ்டோன் கம்பெனியில் சாப்ளின் வாங்கியது வாரம் 150 டாலர். 1914 கடைசியில் ஆண்டர்சன் வாரம் 1,250 டாலரும், கையெழுத்துக்கு 10,000 டாலரும் பேசி முடித்தார். ஸ்பூருக்கு ஆளையே தெரியாது. பத்தாயிரத்தைக் கொடுக்க இழுத்தடித்தார். முதல் படத்தைச் சிகாகோவில் எடுத்துவிட்டு, அந்த ஊரே வேண்டாம் என்று நைல்ஸ் வந்த சாப்ளின், அங்கே எடுத்தது ஐந்து படங்கள். 'தி டிராம்ப்' அவற்றில் கடைசி. 'தி சாம்பியன்' குத்துச்சண்டைக் கூட்டத்தில் ஆண்டர்சனே பார்வையாளராக உட்கார்ந்திருப்பார். பிறகு சாப்ளின் லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். 1916-ல் மியூச்சுவல் கம்பெனி வாரம் 10,000 டாலரும் 1,50,000 போனஸும் கொடுத்துத் தூக்கிக்கொண்டது. ஆண்டர்சன் தன் பங்கை ஸ்பூரிடம் விற்றுவிட்டு வெளியேறினார்.

சாப்ளினை விட்டதால்தான் எஸ்ஸனே செத்தது என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். 1915 அக்டோபரில், சினிமாக் கருவிகளுக்கான காப்புரிமைகளைக் கையில் வைத்திருந்த கம்பெனிகளின் கூட்டமைப்பு சட்டவிரோதம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தக் கூட்டமைப்பின் நிழலில் வளர்ந்த கம்பெனி இது. அதற்குள் ரசிகர்கள் ஐந்து ரீல் படத்துக்குப் பழகிவிட்டார்கள். ஆண்டர்சன் வாரம் ஒரு ரீல் என்ற பழைய தாளத்திலேயே இருந்தார். இன்னொரு கௌபாய் நடிகரான வில்லியம் எஸ். ஹார்ட் அதே 'நல்ல கெட்டவனை' நீளமான படத்தில், புழுதியோடும் முகச்சுருக்கத்தோடும் காட்டியதும் பில்லி பழசாகிவிட்டார்.

ரீல்பெட்டி எழுதியது:

விற்றபோது போட்டியாகச் சினிமா எடுக்கக் கூடாது என்று கொஞ்ச காலம் கட்டுப்பாடு இருந்ததாகவும் சொல்வார்கள். நியூயார்க்கில் லாங்கேகர் தியேட்டரை வாங்கி நாடகம் போட்டார், நிலைக்கவில்லை. 1918-19-ல் திரும்பி வந்து சில மேற்கத்தியப் படங்கள். எடுபடவில்லை.

இனி குடும்பம். 1910-ல் மோலி லூயிஸ் ஷேபிள்மனை மணந்தார்; ஒரே மகள் மேக்சின். தங்கை லியோனாவைப் பற்றி யாராவது எழுதுங்களேன்.

பழையபாட்டு எழுதியது:

லியோனாதான் இந்தக் குடும்பத்தின் உண்மையான வேடிக்கை. 1885-ல் பிறந்தவர், அண்ணன் மாற்றிய குடும்பப் பெயரையே எடுத்துக்கொண்டார். பெயர் மாற்றியதை ஏதோ யூத அடையாளத்தை மூடி மறைத்த சதி மாதிரி எழுதுகிறார்கள். அன்றைய மேடையில் பாதிப்பேர் செய்தது அது. 1922-ல் ஆண்டர்சன் தயாரித்து ஸ்டான் லாரல் நடித்த 'மட் அண்ட் சாண்ட்' காளைச்சண்டைக் கேலிப்படத்தில் மயக்கும் அழகியாக வருகிறார். 35 வருடம் கழித்து, எழுபதைத் தாண்டிய வயதில், வேண்டுமென்றே சுருதி விலகிப் பாடிய இசைத்தட்டு ஒன்றை 1957-ல் வெளியிட்டார். தட்டின் பெயரே கேட்பவர் அவதிப்படத்தான் என்று சொல்லும். 1959 'ஹவுஸ் ஆன் ஹாண்டட் ஹில்' படத்தில் இருட்டில் சறுக்கிக்கொண்டு வந்து கதாநாயகியை அலற வைக்கும் வெள்ளை விழிக் கிழவி இவர்தான். அண்ணனின் கௌபாய் படங்களைப் பார்க்காதவர்கள்கூடத் தங்கையைப் பார்த்திருப்பார்கள்.

பின்னாளில் நகைச்சுவை ஜோடியான லாரலும் ஹார்டியும் முதன்முதலில் ஒரே சட்டகத்தில் வந்த 'தி லக்கி டாக்' ஆண்டர்சன் தயாரிப்பு என்பதையும் கட்டுரையில் சேருங்கள்.

சென்சஸ்பித்தன் எழுதியது:

பிற்காலம் சுருக்கமாக: 1943-ல் பாரமவுண்ட் படம் ஒன்றில் ஸ்டுடியோ வாயில்காவலராகிவிட்ட பழைய கௌபாய் நடிகருக்கு 'பிரான்கோ பில்லி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். இவர் 9 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 1958-ல் கௌரவ ஆஸ்கர். பழைய பங்காளி ஸ்பூருக்கு அது பத்து வருடம் முன்பே கிடைத்துவிட்டது. 1965-ல் 'தி பவுண்டி கில்லர்' படத்தில் ஒரு சின்னத் தோற்றம். 1971 ஜனவரி 20 அன்று கலிபோர்னியாவில் 90 வயதில் இறந்தார். மனைவியும் மகளும் அப்போது இருந்தார்கள்.

இறப்புப் பதிவு தேடுவோர் ஆண்டர்சன் என்ற பெயரில் தேடுங்கள். ஆரன்சன் குறியீட்டில் போனால் உடன்பிறந்தோர்தான் அகப்படுவார்கள்.

கோடைத்தென்றல் எழுதியது:

நைல்ஸ் இப்போது எங்கே இருக்கிறது? போய்ப் பார்க்க முடியுமா?

மலைப்பாதை எழுதியது:

1956-ல் ஐந்து ஊர்களைச் சேர்த்து ஃப்ரீமாண்ட் நகரமாக்கினார்கள், அதில் ஒன்று நைல்ஸ். நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் குடியிருக்கும் அதே ஃப்ரீமாண்ட். நைல்ஸ் புலவார்டில் எடிசன் தியேட்டர் என்ற 1913 காலத்துக் கொட்டகைதான் இன்று எஸ்ஸனே மௌனப்பட அருங்காட்சியகம். சனிக்கிழமை இரவுகளில் நேரடி பியானோவோடு படம் போடுவார்கள்; கிளம்பும் முன் அவர்கள் அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பில்லி பெயரில் வருடாந்திர விழாவும் உண்டு. ஸ்டுடியோ கட்டடம் 1930-களிலேயே இடிக்கப்பட்டுவிட்டது, அதைத் தேடி அலைய வேண்டாம். பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டுமானால் சாலையில் கார் ஓட்டிக்கொண்டு போவதைவிட நைல்ஸ் கேன்யன் பாரம்பரிய ரயிலில் போங்கள். சாலை குறுகல், வண்டியை ஓரம் கட்ட இடமில்லை. ரயிலிலிருந்துதான் அந்தப் பாறைத் திருப்பங்களும் ஓடையும் படத்தில் பார்த்த கோணத்தில் வரும்.

ரீல்பெட்டி எழுதியது:

கட்டுரை வரைவை இங்கேயே போடுகிறேன். 1912-க்கு முன் கொலராடோவில் எடுத்த படங்களின் பிரேம் யாரிடமாவது இருந்தால், ஓரக்குறியும் சேர்ந்து தெரியும்படி ஸ்கேன் செய்து இணையுங்கள். படச்சட்டத்தோடு வெட்டி அனுப்பினால் காலத்தைக் கணிக்க முடியாது.